தாய்மார்களே வருக

எங்கள் சுகாதார நிலையத்துக்குக் ‘கெப்பாசிட்டி பில்டிங்’ வரப்போகிறது என்று கடிதம் வந்த அன்று அதிகமாகச் சந்தோஷப்பட்டது எங்கள் அட்டெண்டர் பெண்தான். மழைக்காலத்தில் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு நேர் மேலே தளம் ஒழுகும். கீழே வாளி வைத்து, நிரம்பினால் கொண்டுபோய்க் கொட்டி, தரையைத் துடைப்பது அவள் வேலை. "எந்தப் பக்கம் சிஸ்டர் கட்டப் போறாங்க? பின்னாடி முருங்க மரத்த வெட்டணுமா?" என்று கேட்டாள். கட்டிடமெல்லாம் இல்லை, நமக்குள்ளே திறமையைக் கட்டப்போகிறார்கள் என்று விளக்கினேன். அப்படியானால் வாளி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நர்ஸ். இருபது வருடத்துக்கு மேலாகப் புதுச்சேரியில்தான் வேலை, பெரும்பாலும் இதே நிலையத்தில். இத்தனை வருடத்தில் எனக்குக் கொடுத்த பயிற்சியெல்லாம் உடம்பில் ஒட்டியிருந்தால் நான் இந்நேரம் பறந்துகொண்டிருக்க வேண்டும். ஆனாலும் கொரோனாவுக்குப் பிறகு வந்த பயிற்சிகள் தனி ரகம். அடுத்த தொற்று வந்தால் நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது என்று மேலே யாருக்கோ பயம் பிடித்துக்கொண்டது. பயம் நியாயமானதுதான். அதைப் போக்கிக்கொள்ளக் கடற்கரைப் பக்கம் ஒரு ஏசி ஹோட்டலைப் பிடித்தார்கள்.

மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் ஆளுக்கொரு பை, நோட்டு, பேனா கொடுத்தார்கள். பேனா இரண்டாம் நாளே நின்றுவிட்டது. வடக்கேயிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது, நல்ல பிள்ளை, எல்லோருக்கும் கை கூப்பி வணக்கம் சொன்னார். ஆபத்து எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்றார். விமானத்தில் வரலாம், கப்பலில் வரலாம், வௌவாலிடமிருந்து வரலாம். திரையில் வௌவால் படம் பெரிதாக வந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த அரியாங்குப்பத்து நர்ஸ், இது எங்கள் வீட்டு மாமரத்தில் தொங்குகிறதே என்று முணுமுணுத்தாள். மதியச் சாப்பாட்டில் வஞ்சிர வறுவல் போட்டார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் டேப்லெட் கொடுத்தார்கள். இனிமேல் நோட்டில் எழுத வேண்டாமாம். வீடு வீடாகப் போய் அதில் வருகிற கேள்விகளைக் கேட்டு, வீட்டுக்காரர்கள் தமிழில் சொல்லும் பதிலை அதன் முன்னாலேயே பேச விட வேண்டும். அதுவே கேட்டு, அதுவே ஆங்கிலத்தில் எழுதி, அதுவே மேலே அனுப்பிவிடும். நர்ஸ் நடுவில் தன் மூளையை நுழைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் சிறப்பு என்று ஆலோசகர் ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் அதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றித் தமிழில் சொன்னார். எங்களுக்கு முதலில் ஆங்கிலத்தில் சொன்னதே புரிந்துவிட்டது என்பது பாவம் அவருக்குத் தெரியவில்லை.

அட்டெண்டர் பெண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். அவன் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது அவளுடைய அம்மா இறந்துபோனார். நான் போய், எடுக்கும்வரை அவளோடு உட்கார்ந்திருந்தேன். வளைகாப்பு செய்யப் பெற்றவள் இல்லையே என்று நாங்கள் நர்ஸ்கள் சேர்ந்து தடுப்பூசி அறையிலேயே அவள் கையில் வளையல் அடுக்கினோம். ஒப்பந்த வேலை என்பதால் பிரசவத்துக்குப் பிறகு அதிக நாள் லீவு இல்லை. பிள்ளையைத் துறைமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டில், பக்கத்து வீட்டு மீன்காரம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். பிறந்ததிலிருந்து அவனுக்கு எல்லா ஊசியும் என் கையால்தான். அடுத்தது ஒன்பதாம் மாதம், தட்டம்மை ஊசி. கார்டில் அந்தத் தேதியைச் சுற்றி நானே பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். டேப்லெட் வந்தபோது அவனுக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் கணக்கெடுப்பைத் தொடங்கினேன். மூன்றாவது வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. படியேறாமல் வெளியிலேயே நின்று, வீட்டில் யாருக்காவது காய்ச்சல், உடம்பு சரியில்லை என்று உண்டா என்று கேட்டு டேப்லெட்டை நீட்டினேன். அந்த வீட்டுப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நோவெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். சின்னவனுக்கு அம்மா வந்திருக்காங்க."

இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அம்மை என்றால் அது நோய் இல்லை, மாரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்தவளைப் போய் நோய் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். அதனால் நோய் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். உள்ளே அந்தப் பையன் கண்ணெல்லாம் சிவந்து, முகம் முழுக்கத் தடிப்போடு வேப்பிலைமேல் படுத்துக் கிடந்தான். ஜனங்கள் மணல்வாரி என்பார்கள், நாங்கள் தட்டம்மை என்போம். வாசலில் நின்றே எனக்குத் தெரிந்துவிட்டது. டேப்லெட் ஒரு நொடி சுற்றிவிட்டு அழகான ஆங்கிலத்தில் எழுதியது: நோய் இல்லை. வெளியூர் விருந்தாளி, தாயார், ஒருவர்.

நான் தெருவிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த தெருவிலும் இதே கதை. நாலைந்து வீடுகளில் அம்மா வந்திருந்தாள், நாலைந்து வீடுகளிலும் டேப்லெட் விருந்தாளியை வரவேற்றது. தெருக்கோடியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் இருந்தார். நோயின் பெயரை நோயாகச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். பேத்திக்கு ‘ருஜோல்’, மதாம், என்றார். பிரெஞ்சில் தட்டம்மைக்கு அதுதான் பெயர். அந்த வீட்டுக்கு நேரே டேப்லெட் ‘ரோஸ் ஆயில்’ என்று பதிந்துகொண்டது.

சிரித்து முடித்ததும் திருத்தவும் செய்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. டேப்லெட் எழுதியதை மாற்ற வேண்டுமானால் எங்கள் டாக்டரின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதை அவர் எனக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் மீட்டிங்கில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மறுநாளும் அலைந்து மூன்று வீடுகளை ‘சந்தேகத் தட்டம்மை’ என்று மாற்றினேன். ஒரு வீட்டுக்குப் பதினொரு பக்கம் படிவம் நிரப்பினேன். அதற்கடுத்த நாள் காலையில் மேலேயிருந்து மெமோ வந்தது. உங்கள் பகுதியில் தட்டம்மை என்றால் தடுப்பூசி விடுபட்டிருக்கிறது என்று பொருள், அதற்கு நீங்கள் ஏன் பொறுப்பாக்கப்படக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

மெமோவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் உள்ளதை எல்லாம் சொன்னேன். "வாயால சொன்னா கணக்குல வராது சிஸ்டர், ஆப்ல வரணும்" என்றார். ஆப்பில் வந்ததால்தான் சார் இந்த மெமோவே வந்தது என்றேன். அவரும் நல்ல மனிதர்தான், எங்கள் நிலையத்தோடு சேர்த்து மூன்று நிலையங்களைத் தலையில் சுமந்தார். என்னைக் காப்பாற்ற அந்த மூன்றையும் ‘பதிவுப் பிழை’ என்று போட்டுத் திரும்பப் பெற்றுக்கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். நாலாவது வீட்டிலிருந்து நான் எதையும் திருத்தவில்லை. இதை டேப்லெட் மேலும் போட முடியாது, டாக்டர் மேலும் போட முடியாது. தெரிந்தே விட்டவள் நான்.

அட்டெண்டர் பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மீன்காரம்மா வீட்டில் மற்ற பிள்ளைகளோடு சேராமல் பார்த்துக்கொள் என்றேன். சேராமல் எங்கே வைப்பது, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பெருக்கவா என்று கேட்டாள். பிறகு, ஹோட்டலில் மூன்று நாளும் யாரும் கேட்காத சரியான கேள்வியைக் கேட்டாள். அந்த ஊசியை இப்போதே போட்டுவிட முடியாதா? முடியும். ஒரு பகுதியில் தட்டம்மை பரவுகிறது என்று பதிவாகிவிட்டால், ஆறு மாதப் பிள்ளைக்கும் முன்கூட்டியே ஒரு ஊசி போட மேலிடம் உத்தரவு கொடுக்கலாம். ஆனால் பதிவுப்படி எங்கள் பகுதியில் இருந்ததெல்லாம் விருந்தாளிகளும் ஒரு ரோஸ் ஆயிலும்தான். உத்தரவில்லாமல் போட்டால் குப்பிக் கணக்கு இடிக்கும், எனக்கு இன்னொரு மெமோ வரும். ரெண்டு மாசம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்றேன். அவள் மூன்று முறை கேட்டாள், நான் மூன்று முறையும் இதையே சொன்னேன். தினமும் ஃபிரிட்ஜைத் துடைப்பவள் அவள். அந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஆலோசகர் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்திருந்தார். வீடியோ மீட்டிங்கில் எங்கள் பகுதியின் வரைபடத்தைப் போட்டார். துறைமுகத்தைச் சுற்றி ரோஸ் நிறப் புள்ளிகளாக இருந்தது. இந்தப் பருவத்தில் இவ்வளவு தாய்மார்கள் ஒரே சமயத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்களே, ஏதாவது பண்டிகையா என்று கேட்டார். எங்கள் மேலதிகாரி தமிழர்தான். அவர் வீட்டு வாசலிலும் ஒரு காலத்தில் வேப்பிலை தொங்கியிருக்கும். ஆனால் திரையில் ஆங்கிலத்தில் வந்துவிட்டால் அவருக்கும் ஆங்கிலத்தில்தான் புரியும். ஆமாம் சார், எங்கள் பண்பாட்டில் அம்மாவுக்குத் தனி இடம் உண்டு என்றார். வயதானவர்கள் வெயிலில் பயணம் செய்து வருகிறார்கள், தொற்றையும் கொண்டுவரலாம், அதனால் வந்த இடத்திலேயே பரிசோதித்துவிடுவோம் என்று முடிவானது. நான் கை தூக்குகிற பொத்தானை அழுத்தினேன். திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்னக் கை வந்தது. அது இருக்கும்போதே எல்லோருக்கும் நன்றி சொல்லி மீட்டிங்கை முடித்தார்கள்.

ஒரு வாரத்தில் துறைமுகம் திரும்பும் முனையில் பந்தல் போட்டாகிவிட்டது. இவ்வளவு வேகமாக எங்கள் துறை எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பிபி மெஷின், சுகர் பார்க்கும் கருவி, குடத்தில் மோர். பந்தலுக்கு மேலே பெரிய ஃபிளெக்ஸ்: ‘தாய்மார்களே வருக! வருக!’ பக்கத்தில் பட்டுப்புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து, ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். ஏலம் முடித்து வந்த மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அத்தனை பேருக்கும் பிபி ஏறியிருந்தது. ஏலத்தில் கத்திவிட்டு நேராக வந்தால் யாருக்குத்தான் ஏறாது.

இரண்டாம் நாள் காலையில் போனால் ஃபிளெக்ஸின் இரண்டு கம்பிலும் யாரோ வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தார்கள். பொட்டு வைத்த அம்மாள் படத்துக்கு மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. மத்தியானத்துக்குள் கீழே சூடம் ஏற்றிவிட்டார்கள். தெருப் பெண்களுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. கவர்மெண்டே அம்மாவை வருக வருக என்று கூப்பிடுகிறது. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மனம் நிறைந்து சொன்னார்: "முந்தியெல்லாம் ஊசிய தூக்கிக்கிட்டு அம்மாவ வெரட்ட வருவீங்க. இப்பதான் சிஸ்டர் ஒங்களுக்கு புத்தி வந்திருக்கு."

ஆலோசகர் சூடத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, மக்கள் பங்கேற்பு என்று மேலே அனுப்பினார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் எங்களுக்குள் இதே பேச்சுதான். யாராவது தாமதமாக வந்தால், என்ன, வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்களா என்று கேட்போம். ஆலோசகரைப் பார்த்து, மேலதிகாரியைப் பார்த்து, தமிழ் தெரிந்தும் புரியாமல் போனவர்களை எல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பந்தலில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அட்டெண்டர் பெண்.

"சிஸ்டர், எங்க வீட்ல அம்மா வந்திருக்காங்க. ரெண்டு மூணு நாளைக்கு வரமாட்டேன்."

"அப்படியா, ஒங்க அம்மாவையும் பந்தலுக்கு அழைச்சிக்கிட்டு வா" என்றேன். "பிபி பாத்து மோர் குடுத்து அனுப்பறோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சரி சிஸ்டர் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். அவள் பெயருக்கு நேரே லீவு போட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘தாயார் வருகை’ என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் போன பிறகுதான் கை நின்றது. எந்தத் தாயார்? பாடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தானே? இந்தக் கையால்தானே அவளுக்கு வளையல் போட்டேன்? டேப்லெட்டைப் பார்த்துத் தெருவில் நின்று சிரித்தவள், அது எழுதியதையே தமிழில் என் சொந்தக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். நிலைப்படியில் வேப்பிலை. பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சிஸ்டர்" என்றாள். "அம்மாவுக்கு பிபி பாக்கவா வந்தீங்க?"

குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளையின் உடம்பு முழுக்கத் தடிப்பு. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது, விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கினேன். அரை நிமிடம் ஆவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எனக்குப் புரியாமல் போய்விட்டது, தப்பு என்னுடையது, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா என்றேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அம்மாவை வாசல் தாண்டி அழைத்துப் போகக் கூடாது என்று மீன்காரம்மா குறுக்கே வந்தார். அட்டெண்டர் பெண் பிள்ளையின் விலாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பாஷையில் என்னிடம் மூன்று முறை கேட்டுப் பார்த்து, பதில் கிடைக்காமல் அம்மாவிடம் போனவள். இப்போது எனக்கு முன்னால் அவள்தான் எழுந்தாள். ஆட்டோவில் ஒரு கையில் வேப்பிலையும் இன்னொரு கையில் ஊசி கார்டும் வைத்திருந்தாள். கார்டில் நான் போட்ட வட்டம் அப்படியே இருந்தது, அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

நிமோனியா. பல நாள் ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். நான் தினமும் வேலை முடிந்து ஸ்கூட்டியில் போய் வார்டு வாசலில் நின்றேன். அவள் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டான். இடது காதில் சீழ் வைத்து, அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை. வளர வளரத்தான் சொல்ல முடியும் என்றார்கள். இப்போதும் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆங்கிலத்தில், சரியான எழுத்துக்கூட்டலோடு, நோயின் பெயர் மேலே போனது. உடனே எல்லாம் ஓட ஆரம்பித்தது. ஆட்டோவில் மைக் கட்டினார்கள், குழுக்கள் வந்தன, ஆறு மாதப் பிள்ளைகளுக்கும் ஊசி போட உத்தரவு வந்தது. பொய் சொல்லக் கூடாது, ஹோட்டலில் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் ஒழுங்காகவே செய்தோம். துறைமுகத் தெருக்களில் ஒரு வீடு விடவில்லை. ஆலோசகர் என்னிடம் தனியாக வந்து அம்மா என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் டேப்லெட்டில் புதிதாக ஒரு தேர்வு சேர்த்திருந்தார்கள்: ‘தாயார் (மனிதர் அல்லாதவர்)’.

நோயை விரைவாகக் கண்டறிந்த நிலையம் என்று எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். டாக்டரும் நானும் மேடையில் நின்று வாங்கிக்கொண்டோம், நான் சிரித்த மாதிரி போட்டோவில் இருக்கிறது. பந்தலைப் பிரித்தபோது ஃபிளெக்ஸை மட்டும் எங்கள் நிலைய வாட்ச்மேன் எடுத்து வந்து, ஃபிரிட்ஜுக்கு மேலே ஒழுகும் இடத்தில் மொட்டை மாடியில் விரித்து நாலு பக்கமும் செங்கல் வைத்தார். இந்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. எங்களுக்கு வந்த பில்டிங் அவ்வளவுதான்.

அட்டெண்டர் பெண் திரும்ப வேலைக்கு வந்துவிட்டாள். தரையைத் துடைக்கிறாள், ஃபிரிட்ஜைத் துடைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். நான் ஒருநாள் மன்னிப்பு கேட்டேன். விடுங்க சிஸ்டர் என்றாள், ஆனால் அவள் விடவில்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு காலையில் போன் செய்தாள்.

"சிஸ்டர், இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும். ஊர்லேந்து எங்க நாத்தனார் வந்திருக்காங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"மனுஷிதான் சிஸ்டர். பேரு, வயசு சொல்லட்டுமா?"

சொல்லு என்றேன். இரண்டையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.